தீவுகளின் பந்து – 9: உலகை அழைத்த தேசம்

சென்ற பகுதி கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வேதப்பன் சாலமோன் என்ற தமிழர் அங்கே ஒரு சிறு மிஷன் பள்ளியை நடத்தினார். அதில் படித்த நிக்கோபாரிச் சிறுவன் ஒருவன் பர்மாவின் மாந்தளைக்குப் போய் மேற்கொண்டு படித்து, 1912இல் ஆசிரியராக ஊர் திரும்பினான். அவர்தான் ஜான் ரிச்சர்ட்சன். பின்னாளில் பிஷப் ஆனார். சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபாரின் உறுப்பினராகவும் அமர்ந்தார். தீவில் கால்பந்தை ஊன்றியவர் யார் என்று கேட்டால், நிக்கோபாரிகள் இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இந்தப் பகுதியில் தீவைவிட்டுச் சற்று வெளியே போக வேண்டியிருக்கிறது. சுதந்திர இந்தியா, உலகத்தின் கால்பந்து அணிகளைத் தன் மண்ணுக்கு அழைக்கப் பல முறை முயன்றது. சில முறை வென்றது, சில முறை தோற்றது, சில முறை தானே விலகிக்கொண்டது. அந்த முயற்சிகளின் கதைக்குத் தீவுகளின் வரலாற்றில் என்ன இடம் என்று கேட்கலாம். சர்வதேசப் போட்டி எதுவும் இங்கே நடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு நாடு தன் கால்பந்தைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது, போட்டியை நடத்தக் கேட்டு அது எழுதும் விண்ணப்பத்தில் தெரிந்துவிடும். தன் வரைபடத்தில் எந்த ஊர்களை அது எண்ணுகிறது, எவற்றை எண்ணாமல் விடுகிறது என்பதும் அதிலேயே தெரியும்.

அழைப்பும் அழைக்கப்பட்டதும்

1951 மார்ச்சில் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கால்பந்து அணி தங்கம் வென்றது. இறுதி ஆட்டத்தில் ஈரானுக்கு எதிராக விழுந்த ஒரே கோலை அடித்தவர் மேவாலால். அதற்கு முந்தைய ஆண்டு பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியாவுக்கு இடம் கிடைத்திருந்தது. தகுதிச் சுற்றில் பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகியதால் வந்த இடம் அது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே ஆகியவற்றோடு ஒரே பிரிவில் பெயரும் சேர்க்கப்பட்டது. ஆனால் அணி கப்பல் ஏறவில்லை. கிடைத்த வாய்ப்பை அன்று விட்ட நாடு, அதற்குப் பிறகு ஆடவர் உலகக் கோப்பையை இன்றுவரை தொலைக்காட்சியில்தான் பார்க்கிறது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் மீண்டும் ஆசியத் தங்கம், 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் என்று உச்சத்தில் இருந்த அணி, அதன் பிறகு சரிந்தது. 1982இல் கொல்கத்தாவில் நேரு கோப்பை தொடங்கியபோது வெளிநாட்டு அணிகள் வந்தன, கூட்டம் அலைமோதியது. 2008இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏ.எஃப்.சி.) சேலஞ்ச் கோப்பையை இந்தியாவே நடத்தியது. தில்லியில் நடந்த இறுதி ஆட்டத்தில் தஜிகிஸ்தானை 4–1 என்று வென்றது. சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்தார். அந்த வெற்றியால் 2011 ஆசியக் கோப்பைக்குத் தகுதி கிடைத்தது. நாமே நடத்தினால் நமக்கு ஒரு கதவு திறக்கும் என்ற நம்பிக்கைக்கு அது ஒரு நல்ல சான்றாக அமைந்தது.

சால்வடாரில் ஒரு டிசம்பர்

பெரிய போட்டி ஒன்றை நடத்த வேண்டுமென்றால் மைதானம் மட்டும் போதாது. முதலில் தேசியச் சம்மேளனம் விருப்பம் தெரிவிக்க வேண்டும். பிறகு எந்த நகரங்கள், எந்த ஸ்டேடியங்கள், பயிற்சித் திடல்கள் எங்கே, ஓட்டல்களும் மருத்துவமனைகளும் எவ்வளவு தூரத்தில் என்பதையெல்லாம் எழுதித் தர வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது அரசாங்கத்தின் உத்தரவாதம். விசா, பாதுகாப்பு, சுங்கம், வரி ஆகியவற்றில் ஃபிஃபா கேட்கும் வசதிகளைச் செய்து தருகிறோம் என்று அரசு கையெழுத்துப் போட்டால்தான் விண்ணப்பத்துக்கு உயிர் வரும்.

2017ஆம் ஆண்டின் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கு இந்தியா இந்த வழியில்தான் முயன்றது. அஜர்பைஜான், அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா, உஸ்பெகிஸ்தான் ஆகியவையும் கேட்டிருந்தன. 2013 டிசம்பர் 5 அன்று பிரேசிலின் சால்வடார் நகரில் கூடிய ஃபிஃபா செயற்குழு இந்தியாவைத் தேர்ந்தெடுத்தது. அதுவரை ஃபிஃபாவின் எந்தப் போட்டியும் இந்தியாவில் நடந்ததில்லை. எந்த ஃபிஃபா உலகக் கோப்பையிலும் இந்திய அணி ஆடியதும் இல்லை. நடத்தும் நாட்டுக்கு நேரடியாக இடம் உண்டு என்பதால், அந்த ஒரே முடிவில் இரண்டு குறைகளும் தீர்ந்தன.

அடுத்த நான்கு ஆண்டுகளில் ஆறு ஊர்கள் மாறின. கொல்கத்தாவின் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் செயற்கைத் தரை அகற்றப்பட்டு இயற்கைப் புல் வளர்க்கப்பட்டது. ஒரு காலத்தில் லட்சம் பேருக்கு மேல் நெருக்கியடித்து உட்கார்ந்த அரங்கில் தனித்தனி இருக்கைகள் போடப்பட்டன. கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் பாதுகாப்பு கருதிப் பார்வையாளர் எண்ணிக்கை பாதியளவுக்குக் குறைக்கப்பட்டது. தில்லி, நவி மும்பை, மார்கோவா, குவாஹாத்தி ஆகியவை மற்ற நான்கு. தமிழ்நாட்டுக்கு இடமில்லை. தீவுகளைப் பற்றிப் பேச்சே எழவில்லை, எழுந்திருக்கவும் வாய்ப்பில்லை.

2017 அக்டோபர் 6 முதல் 28 வரை 24 அணிகள் 52 ஆட்டங்கள் ஆடின. மைதானத்துக்கு வந்து பார்த்தவர்கள் 13,47,133 பேர். அந்த வயதுப் பிரிவில் அதற்கு முன் இத்தனை பேர் எந்த நாட்டிலும் வந்ததில்லை. மழையில் குவாஹாத்தித் தரை கெட்டதால் இங்கிலாந்து–பிரேசில் அரையிறுதியைக் கடைசி நேரத்தில் கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். அப்போதும் அரங்கு நிறைந்தது. இறுதியில் இங்கிலாந்து ஸ்பெயினை 5–2 என்று வென்றது. அந்தத் தொடரின் சிறந்த வீரராகத் தேர்வான ஃபில் ஃபோடன் பின்னாளில் உலகம் அறிந்த ஆட்டக்காரரானார்.

இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஆனால் அக்டோபர் 9 அன்று கொலம்பியாவுக்கு எதிராகச் சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னர் பந்தை ஜீக்சன் சிங் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். ஃபிஃபா போட்டி ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அது. ஜீக்சன் மணிப்பூர்க்காரர். அணித்தலைவர் அமர்ஜித் சிங் கியாமும் மணிப்பூர்தான். 21 பேர் கொண்ட அந்த அணியில் எட்டுப் பேர் அந்த ஒரு மாநிலத்திலிருந்து வந்தவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி 30 லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் மாநிலம் அது. போட்டி நடந்த ஆறு ஊர்களில் மணிப்பூரில் ஒன்றுகூட இல்லை. ஆட்டக்காரர்கள் ஓர் இடத்திலிருந்து வருகிறார்கள், புல்லும் விளக்கும் வேறோர் இடத்துக்குப் போகின்றன. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

கையெழுத்துகளின் காலம்

2017இன் வெற்றி சம்மேளனத்துக்கு ஆசையைக் கூட்டியது. 2019ஆம் ஆண்டின் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையையும் கேட்டது. 2018 மார்ச்சில் பொகோட்டாவில் கூடிய ஃபிஃபா கவுன்சில் அதைப் போலந்துக்குக் கொடுத்தது. 2019 மார்ச்சில் 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை இந்தியாவுக்குக் கிடைத்தது. 2020இல் நடக்க வேண்டியது. பெருந்தொற்றால் முதலில் தள்ளிப்போய், பிறகு ரத்தாகி, 2022ஆம் ஆண்டின் போட்டியாக இந்தியாவிடமே வந்து சேர்ந்தது.

அந்த 2022, இந்தியக் கால்பந்து நிர்வாகம் தலைகுனிந்த ஆண்டு. ஜனவரியில் மகளிர் ஆசியக் கோப்பை மகாராஷ்டிரத்தில் நடந்தது. முதல் ஆட்டத்தில் ஈரானோடு கோலின்றிச் சமன் செய்த இந்திய அணி, கொரோனா தொற்றால் இரண்டாவது ஆட்டத்துக்கு விதிப்படி தேவையான 13 பேரைத் திரட்ட முடியாமல் சொந்த மண்ணிலேயே போட்டியிலிருந்து வெளியேறியது. சம்மேளனத்தில் தேர்தல் நடக்காமல் இழுபட்டதால் மே மாதம் உச்ச நீதிமன்றம் நிர்வாகிகள் குழு ஒன்றை அமர்த்தியது. வெளியார் தலையீடு என்று கூறி ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. கையில் இருந்த மகளிர் உலகக் கோப்பையும் பறிபோகும் நிலை. நீதிமன்றம் குழுவைக் கலைத்த பிறகு, ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியது. செப்டம்பர் 2 தேர்தலில் முன்னாள் கோல்கீப்பர் கல்யாண் சௌபே, பைச்சுங் பூட்டியாவை 33–1 என்ற வாக்குகளில் வென்று தலைவரானார். செப்டம்பர் 14 அன்று மத்திய அமைச்சரவை, போட்டிக்கான உத்தரவாதங்களில் கையெழுத்திட ஒப்புதல் தந்தது. போட்டி தொடங்க அப்போது ஒரு மாதம்கூட இல்லை.

அக்டோபரில் புவனேஸ்வரில் களமிறங்கிய இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவி அஸ்தம் ஓராவ். ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்துக் கிராமமொன்றில் பிறந்தவர். அவர் அணித்தலைவியான பிறகு அவருடைய ஊருக்கு அரசு சாலை போட்டது. அந்தச் சாலை வேலையில் அவருடைய பெற்றோரே தினக்கூலிக்கு உழைத்தார்கள் என்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது.

அந்தமான் வாசகர்களுக்கு ஓராவ் என்ற பெயர் அந்நியமல்ல. 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து ஓராவ், முண்டா, கரியா மக்கள் காடு வெட்டவும் சாலை போடவும் அந்தமானுக்கு அழைத்துவரப்பட்டார்கள். இன்றும் தீவுகளில் அவர்களை ராஞ்சிக்காரர்கள் என்றே அழைக்கிறோம். நடு அந்தமானிலும் வடக்கிலும் தீவுகளின் சாலைகளைப் போட்ட கைகளில் அவர்களுடையவை முக்கியமானவை. அந்த மக்களின் சொந்த பூமியில் பிறந்த ஒரு பெண், உலகக் கோப்பையில் நாட்டின் அணிக்குத் தலைவியான பிறகுதான் அவளுடைய வாசலுக்குச் சாலை வந்தது. அந்தச் சாலை முன்பே வந்திருக்க வேண்டும்.

இந்தியப் பெண்கள் அமெரிக்காவிடம் 0–8, மொராக்கோவிடம் 0–3, பிரேசிலிடம் 0–5 என்று தோற்றார்கள். அந்த எண்களுக்கான பொறுப்பு அந்தப் பிள்ளைகளுடையது அல்ல. பத்து வயதில் அவர்களுக்கு ஒரு பயிற்சியாளரும் ஒரு லீக்கும் கிடைத்திருந்தால் அந்த எண்கள் வேறாக இருந்திருக்கும்.

2027: கேட்டதும் விட்டதும்

இவற்றையெல்லாம்விடப் பெரிய முயற்சி ஆசியக் கோப்பை. 2023 போட்டிக்கு ஒரு முறை விருப்பம் தெரிவித்து, 2018இல் விலகிய இந்தியா, 2027 போட்டிக்கு மீண்டும் முன்வந்தது. 2020 ஜூலையில் ஏ.எஃப்.சி. வெளியிட்ட பட்டியலில் ஐந்து நாடுகள் இருந்தன: இந்தியா, ஈரான், கத்தார், சவூதி அரேபியா, உஸ்பெகிஸ்தான். உஸ்பெகிஸ்தானும் ஈரானும் விலகின. சீனா கைவிட்ட 2023 போட்டி கத்தாருக்குப் போனதால் கத்தாரும் களத்தில் இல்லை. 2022 அக்டோபர் 17 அன்று கோலாலம்பூரில் ஏ.எஃப்.சி. செயற்குழு இறுதிப் பட்டியலை அறிவித்தபோது இரண்டே பெயர்கள் மிஞ்சியிருந்தன: இந்தியா, சவூதி அரேபியா.

ஆசியாவின் மிகப் பெரிய கால்பந்துப் போட்டிக்கு இவ்வளவு அருகில் இந்தியா வந்ததே இல்லை. ஏழு வாரங்கள் கழித்து, டிசம்பர் 5 அன்று, இந்தியா விலகிவிட்டது என்று ஏ.எஃப்.சி. அறிவித்தது. பெரிய போட்டிகளை நடத்துவது தங்கள் இப்போதைய முன்னுரிமைகளில் இல்லை, அடித்தளத்தைக் கட்டுவதே முதல் வேலை என்று புதிய நிர்வாகம் விளக்கம் தந்தது. 2023 பிப்ரவரி 1 அன்று மனாமாவில் கூடிய ஏ.எஃப்.சி. மாநாட்டில் போட்டி சவூதிக்கு உறுதியானது. அதற்குப் பிறகு அதே சவூதி 2034 உலகக் கோப்பையையும் பெற்றது.

இந்தியா விலகிய செய்தி வந்த அதே நாளில் கத்தார் உலகக் கோப்பையின் இரண்டாம் சுற்றில் ஜப்பானும் தென்கொரியாவும் ஆடிக்கொண்டிருந்தன. இரண்டும் அன்று தோற்றன என்றாலும், உலகின் கடைசிப் பதினாறு அணிகளில் அவை இருந்தன. 2002இல் உலகக் கோப்பையைச் சேர்ந்து நடத்திய நாடுகள் அவை. நடத்துவதற்குப் பல ஆண்டுகள் முன்பே லீக்குகளையும் பள்ளிக் கால்பந்தையும் வளர்த்து வைத்திருந்தன. அதனால்தான் போட்டி முடிந்த பிறகும் பலன் நின்றது.

நடத்தும் உரிமையை விட்டதற்கு இந்தியா கொடுத்த விலை சிறியதல்ல. நடத்தும் நாடாக இருந்திருந்தால் 2027 ஆசியக் கோப்பையில் நேரடி இடம் கிடைத்திருக்கும். தகுதிச் சுற்றில் ஆட வேண்டியதாயிற்று. 2025 அக்டோபர் 14 அன்று மார்கோவாவில் சிங்கப்பூரிடம் 1–2 என்று தோற்று அந்தக் கதவும் மூடியது. அதே காலத்தில், 2013இல் 17 வயதுக்குட்பட்டோர் போட்டியை இந்தியாவிடம் இழந்த உஸ்பெகிஸ்தான், 2023இல் ஆசிய 20 வயதுக்குட்பட்டோர் பட்டத்தை வென்று, 2026 உலகக் கோப்பைக்கே தகுதி பெற்றுவிட்டது. உரிமையை வென்ற நாடு வெளியே, உரிமையை இழந்த நாடு உள்ளே. இந்த ஒப்பீடு வலிக்க வேண்டும். வலித்தால்தான் பாடம் ஏறும்.

கடைசித் தீவிலிருந்து பார்த்தால்

விலகியது சரியா தவறா என்ற வாதம் தில்லியிலும் கொல்கத்தாவிலும் நிறைய நடந்துவிட்டது. தீவுகளிலிருந்து பார்க்கும்போது கேள்வி வேறு. அடித்தளத்துக்காக விலகினோம் என்று நாடு சொன்னது. நல்ல சொல் அது. அப்படியானால் அந்த அடித்தளம் எதுவரை நீள்கிறது?

கார் நிக்கோபார் போர்ட் பிளேரிலிருந்து, அதாவது இன்றைய ஸ்ரீ விஜய புரத்திலிருந்து, சுமார் 270 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. கப்பலில் ஓர் இரவுப் பயணம். போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் கடல்வழி சுமார் 1,200 கிலோமீட்டர், கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். தீவுப் பள்ளி அணி ஒன்று தில்லியில் சுப்ரதோ கோப்பை ஆட வேண்டுமென்றால், முதல் விசில் ஊதுவதற்கு முன்பே அது கடந்துவரும் தூரம் இது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கார் நிக்கோபாரின் கரையோர ஊர்கள் அழிந்தன. அந்த ஊர்களோடு பிள்ளைகள் ஆடிய திடல்களும் போயின. ஊர்களைத் தீவின் உட்பகுதிக்கு மாற்றி மீண்டும் கட்டினார்கள். ஆட்டம் நிற்கவில்லை.

கார் நிக்கோபாரில் சர்வதேச ஸ்டேடியம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அது பழங்குடியினர் பாதுகாப்புக்காக 1956இல் வந்த ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உள்ள தீவு. வெளியார் அனுமதிச்சீட்டு இல்லாமல் கால் வைக்க முடியாது, அப்படி இருப்பதே நியாயம். அவர்களுக்கு வேண்டியவை எளியவை: ஊரில் தங்கிச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர், வருடம் முழுக்க நடக்கும் லீக், பெண் பிள்ளைகளுக்கும் ஓர் அணி, திறமையுள்ள பிள்ளை பெருநிலத்துக்குப் போய்த் தேர்வில் ஆடித் திரும்பக் கப்பல் செலவு. தீவுகளின் பிள்ளைகளால் முடியுமா என்ற சந்தேகத்துக்குச் சைக்கிள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. நிக்கோபாரின் டெபோரா ஹெரால்டு சுனாமியில் பிழைத்து எழுந்து இந்தியாவின் முன்னணி சைக்கிள் வீராங்கனையானார். ஈசோ ஆல்பென் 2019இல் ஜூனியர் உலகச் சாம்பியனான இந்திய அணியில் இருந்தார். சரியான பயிற்சி தேடிவந்த ஒரு விளையாட்டில் தீவு உலகத்தைத் தொட்டது.

மக்கள்தொகை குறைவு என்பதும் காரணமாகாது. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் 3,80,581 பேர். ஐஸ்லாந்து என்ற தீவு நாட்டின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த நாடு 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை 2–1 என்று வென்று காலிறுதிக்குப் போனது. 2018 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவோடு 1–1 என்று சமன் செய்தது. ஐஸ்லாந்து உலகை விருந்துக்கு அழைத்ததே இல்லை. குளிரிலும் ஆடுவதற்கு உள்ளரங்கத் திடல்களைக் கட்டியது, பள்ளிகளுக்கு அருகே சிறு மைதானங்கள் போட்டது, சின்னப் பிள்ளைகளுக்கும் தகுதிபெற்ற பயிற்சியாளர்களை வைத்தது. 2025 நவம்பரில் கரீபியக் கடலின் குராசாவ் 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அங்கே வாழ்பவர்கள் ஒன்றரை லட்சம் பேர்தான்.

2023 ஜனவரியில் சம்மேளனம் வெளியிட்ட தொலைநோக்குத் திட்டம், 2047க்குள் இந்தியா ஆசியாவின் முதல் நான்கு அணிகளில் ஒன்றாக வேண்டும் என்கிறது. 2025இல் 2031 ஆசியக் கோப்பைக்கு விருப்பம் தெரிவித்த நாடுகளின் பட்டியலில் இந்தியாவின் பெயர் மீண்டும் வந்தது. கேட்கட்டும். 2017இல் 13 லட்சம் பேர் மைதானம் தேடி வந்த நாடு இது, உலகை அழைக்கும் தகுதி அதற்கு உண்டு. ஆனால் அடுத்த விண்ணப்பத்தில் ஸ்டேடியங்களின் பட்டியலோடு இன்னொரு பட்டியலும் இருக்க வேண்டும்: போட்டி முடிவதற்குள் எந்தெந்த மாவட்டங்களில் பிள்ளைகளுக்கான லீக் தொடங்கியிருக்கும், எத்தனை பயிற்சியாளர்கள் அங்கே தங்கியிருப்பார்கள் என்ற பட்டியல். அதில் இம்பாலும் கும்லாவும் இருக்க வேண்டும். நிக்கோபார் மாவட்டமும் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலுக்கும் அரசு கையெழுத்துப் போட்டால், போட்டி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நாடு தோற்காது.

(அடுத்த பகுதியில்: 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆக்கிரமிப்பு. சிறைப்பட்ட ரிச்சர்ட்சனும், போருக்குப் பின் மீண்டெழுந்த தீவும்.)